உலாவிக்குள் ஓர் எழுத்துருமாற்றி



இன்று கைப்பேசியிலும் கணினியிலும் தடையின்றித் தமிழில் எழுதுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன் நிலை வேறு. ஜொகூரில் நான் ஆசிரியப் பணியைத் தொடங்கிய காலத்தில், ஒரு கணினியில் தட்டச்சு செய்த வினாத்தாளை வேறொரு கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். அந்தச் சிக்கலைத் தீர்த்த ஒரு சிறு கருவியின் வரலாறு, இன்றும் நமக்குப் பாடமாக இருக்கிறது.

சிக்கல் எங்கே தோன்றியது?

நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கினார். ஈழத்தமிழரிடையே பாமினி எழுத்துரு பரவியது. இணையத்தில் திஸ்கி குறியேற்றம் புழங்கியது. தமிழக அரசு 1999இல் டாப், டாம் என்னும் இரண்டை அறிவித்தது. ஒவ்வொன்றும் தமிழ் எழுத்துகளைத் தனித்தனி இடங்களில் வைத்தது. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல், கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்பவைதாம். அந்த எழுத்துரு இல்லாத கணினி அவற்றையே காட்டும்.

1991இல் வெளிவந்த யூனிகோடு எனும் ஒருங்குறி, தமிழுக்குத் தனியிடம் தந்தது. ஆயினும், அதற்குள் சேர்ந்துவிட்ட பழைய ஆவணங்களை யார் மாற்றுவது?

உலாவியே பணிமனை

1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டு மொழி, இணையப் பக்கத்திற்குள்ளேயே நிரல் இயங்க வழி செய்தது. அதைக்கொண்டு சுரதா என்னும் தமிழ் ஆர்வலர் ‘பொங்குதமிழ்’ எழுத்துருமாற்றியை இலவசமாக வழங்கினார். மேல் பெட்டியில் பழைய எழுத்தை ஒட்டி, அதன் குறியேற்றத்தைத் தெரிவு செய்தால், கீழ்ப் பெட்டியில் ஒருங்குறித் தமிழ் தோன்றும். பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. 2000ஆம் ஆண்டுகளில் வலைப்பதிவர் பலருக்கும் அது கைவிளக்காயிற்று.

இவ்வேலை எளிதன்று. பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகள். ஒருங்குறியிலோ ககரம் முதலிலும் ஒகரக்குறி அடுத்தும் வரும். ஆகவே ‘கொ’வை முதலில் மாற்றி, பிறகே ‘கெ’, ‘கா’ ஆகியவற்றை மாற்ற வேண்டும். வரிசை பிறழ்ந்தால் சொல் சிதையும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மாற்றும் வேலை முழுவதும் நம் கணினியிலேயே நடந்தது. பக்கத்தைச் சேமித்து வைத்து, இணையம் இன்றியும் பயன்படுத்தலாம். நாம் ஒட்டிய எழுத்து எவர் கைக்கும் போகவில்லை.

இன்று நமக்கென்ன?

இதே முறையில் இயங்கும் கருவிகளை உலகெங்கும் நிரலாளர்கள் நாடுகின்றனர். பிரிட்டனின் ஜிசிஎச்கியூ உளவு அமைப்பு 2016இல் வெளியிட்ட ‘சைபர்செஃப்’ அவ்வகையைச் சேர்ந்தது. அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது.

எல்லா இலவசக் கருவிகளும் இப்படிப்பட்டவை அல்ல. கோப்புகளைத் தம் வழங்கிக்கு ஏற்றிக்கொள்ளும் தளங்கள் ஏராளம். இலவசக் கோப்புமாற்றிகள் வழியே தீநிரல்கள் பரப்பப்படுவதாக அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 மார்ச்சில் எச்சரித்தது. மாணவர் பெயர்ப்பட்டியல், அடையாள அட்டை எண், பெற்றோர் வருமான விவரம் ஆகியவற்றை அன்றாடம் கையாளும் நாம் இதை எளிதாகக் கருதலாகாது. நம் நாட்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் நடப்புக்கு வந்தது. அது கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. சட்டம் எப்படியிருப்பினும், குழந்தைகளின் விவரங்களைக் காப்பது நம் கடமை.

ஓர் எளிய சோதனை உண்டு. கருவியின் பக்கத்தைத் திறந்தபின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். பிறகு, மாதிரிச் சொற்றொடர் ஒன்றை இட்டுப் பாருங்கள். வேலை நடந்தால் அது நம் கணினியிலேயே நடக்கிறது. நடக்காவிடில், மாணவர் விவரங்களை அதில் இடாதீர்கள். சோதனையில் தேறிய கருவியானாலும் மூலநிரல் திறந்திருப்பதே மேலான உறுதி.

பள்ளிகளின் பழைய வட்டுகளில் ஆண்டு மலர்களும் பயிற்றிகளும் பழைய எழுத்துருக்களில் இன்னும் உறங்கக்கூடும். வட்டுகள் பழுதாகும்முன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவோம். அப்படி மாற்றும்போது, அவற்றிலுள்ள பெயர்களையும் காப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்