பரங்கிக் கொடியும் பழ ஈயும்

பயிர்களின் வரலாற்றை ஆராய்வார்க்குப் பெயர்களே பல இடங்களிற் சான்றாக நிற்கின்றன. பரங்கிக்காய் என்பது அத்தகையதொரு பெயர். இதனை ரகரத்தால் எழுதுவாரும் உளர். றகரத்தால் எழுதுவாரும் உளர். எவ்வாறு எழுதினும், கடல் கடந்து வந்த பறங்கியரோடு இக்காயைத் தொடர்புபடுத்தியே நம் முன்னோர் வழங்கினர் என்பது தெளிவு. ஆயினும் நாடெங்கும் இப்பெயர் ஒன்றே வழங்கவில்லை. கொங்கு நாட்டார் இதனை அரசாணிக்காய் என்பர். வேறு சிலர் மஞ்சட் பூசணி, சர்க்கரைப் பூசணி என்பர். பூசணி என்ற பெயரோ மேனியில் நீறு பூத்த வெண்பூசணிக்கே முன்னர் உரியது. ஆதலின் பழைய மருத்துவ நூல்களிற் பூசணி என வருமிடத்துப் பரங்கியைப் பொருளாகக் கொள்ளுதல் பெரும் பிழையாய் முடியும்.

பரங்கியினத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டங்களே. மெக்சிகோவின் ஓவாகாக்கா மாநிலத்துக் குகையொன்றிற் கிடைத்த, அவ்வினத்தைச் சார்ந்த விதைகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமையுடையன என 1997இல் புரூசு சுமித் நிறுவினார். அந்நாட்டில் இக்கொடிக்குப் பகை மூன்று: தண்டைத் துளைக்கும் புழு, கோடுகளையுடைய வண்டு, சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. இவற்றுள் ஒன்றேனும் விதையோடு கப்பலேறி இங்கு வந்து நிலைபெறவில்லை. அங்ஙனமாயின் நம் கொல்லையிற் பரங்கியை அழிப்பன எவை?

அவை இரண்டு, செவ்வண்டும் பழ ஈயும். இரண்டும் பாகல், பீர்க்கு, வெள்ளரி முதலிய கொடிகளை உண்டு வாழ்வன. பழ ஈயின் தொல்லிடம் இந்தியப் பகுதியே என்பது பூச்சியியலார் பலர் துணிபு. எனவே பரங்கி தன் பகையை விட்டு வந்தது. வந்த இடத்திற் பாகலின் பகையை எதிர்கொண்டது. உழவரும் இப்புதுக்கொடியைக் காக்கப் புதுமுறை தேடியிரார். பழங்கொடிகட்குக் கைக்கொண்ட முறையையே இதற்கும் கொண்டனர் எனல் பொருந்தும். அம்முறையின் உயிர்நாடி காலமறிதல்.

செவ்வண்டு முளைவிட்ட விதையிலையைச் சல்லடைக் கண்போல் துளைத்துத் தின்னும். அதன் புழு மண்ணுள் இருந்து வேரைக் கடிக்கும். சில இலைகள் விரிந்து கொடி வலுப்பெற்றபின் வண்டால் விளையும் கேடு குறைவு. ஆகவே காவல் வேண்டுவது முதற் சில வாரங்களே. விடியலிற் பனியீரம் உலருமுன் இலைமேற் சாம்பல் தூவும் வழக்கம் இதுபற்றியதே. ஈரம் இல்லையேல் சாம்பல் இலையில் ஒட்டாது. நாழிகை தவறினாற் செயலும் பயன்படாது.

பழ ஈயின் செய்தி வேறு. பெண் ஈ இளங்காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். ஓரிரு நாளிற் புழு வெளிப்பட்டுச் சதையைத் தின்னும். வளர்ந்தபின் மண்ணிற் புகுந்து கூட்டுப்புழுவாகும். முட்டை காயினுட் சென்ற பிறகு மேலே தெளிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை. ஆகவே பிஞ்சை உறையிட்டு மூடுதல், அழுகி வீழ்ந்த காயைத் திரட்டி ஆழப் புதைத்தல், உழுது கூட்டுப்புழுவை வெயிலிற் காட்டுதல் ஆகிய யாவும் முன்காவலேயாம்.

பட்டத்தின் பொருளும் ஈண்டே விளங்கும். மழைக்காலத்தில் ஈ பெருகும்; வறண்ட வெப்பத்திற் குறையும். ஆடியில் விதைத்த கொடி ஐப்பசி மழையிற் காய்ப்பதால் ஈயின் வாய்ப்படுகின்றது. மார்கழி, தைத் திங்களில் விதைத்தது பங்குனி, சித்திரை வெயிலிற் காய்த்துப் பெரும்பாலும் தப்புகின்றது. நீர் நோக்கியே பட்டம் வகுத்தனர் என்பார் கூற்று முழுதும் தவறன்று. ஆயினும் அது பாதியே.

இருபதாம் நூற்றாண்டின் நஞ்சுகள் இக்காலக் கணக்கைத் தேவையற்றதாக்கும் எனச் சிலர் நம்பினர். நடந்தது அதுவன்று. கந்தகத் தூளும் டி.டி.டி.யும் இவ்வினக் கொடிகளின் இலையையே கருக்கின. டி.டி.டி.யை வேளாண்மையிற் பயன்படுத்தல் இந்தியாவில் 1989இல் தடை செய்யப்பட்டது. மேலும் பரங்கியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனி. விடியலில் மலர்ந்து நண்பகலுக்குள் குவிவன. தேனீ வாராவிடிற் காயில்லை. காலையில் நஞ்சு தெளித்தவன் ஈயைக் கொல்லுமுன் தன் விளைவைக் கொன்றவனாவான். எனவே, தெளிக்க வேண்டின் பூக் குவிந்த மாலையே உரிய பொழுது.

பழ ஈயின் தொல்லுறவு பாகலோடு என்னும் கருத்திற்கு ஹவாய்த் தீவுகள் தரும் சான்று குறிப்பிடத்தக்கது. அங்கு 1895ஆம் ஆண்டளவில் ஈ புகுந்தது. 1899இல் காக்கிலெட் அதற்கு அறிவியற் பெயரிட்டார். பெயர் பிறந்த இடம் ஹவாய். ஈ பிறந்த இடம் அதுவன்று. அதன் இயற்கைப் பகையைத் தேடி ஃபுல்லவே இந்தியா வந்தார். ஈயின் புழுவினுள் முட்டையிட்டு அதனை மாய்க்கும் சிறு குளவியொன்றை 1916இல் அத்தீவுகட்குக் கொண்டு சென்றார். தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914இல் நூல் வெளியிட்ட ஃபிளெட்சரின் பெயரை அக்குளவி தாங்கியுள்ளது. பின்னர் நிஷிடாவும் பெஸ்ஸும் வளர்ந்த ஈக்கள் நாளின் பெரும்பகுதியைக் கொல்லையின் வரப்போரச் செடிகளிலேயே கழிக்கின்றன என்று 1950இற் காட்டினர். கொடியை விட்டு வரம்பிலே மருந்திடும் முறை அதனாற் பிறந்தது. குளவியைப் பற்றி அத்தீவுகளிற் கண்ட செய்தி இன்னும் நுட்பமானது. பயிரிட்ட காய்களில் அது சிறிதளவே பயன்பட்டது. வேலியோரத்துக் காட்டுப் பாகற்காய்களிலோ ஈயின் புழுக்களை மிகுதியாகத் தேடிப் பற்றியது.