நார்த்தாமலையில் ஒரு ராத்திரி, கையில் 'விட்டு விடு கருப்பா'

1/ பங்குனியில நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா. மருத்துவ முகாம்ல எனக்கு நைட் டியூட்டி. கூட்டம் ஓய்ஞ்சதும் இந்திரா சௌந்தர்ராஜனோட 'விட்டு விடு கருப்பா' நாவலைத் திரும்பப் படிச்சேன். சுத்தி மலை, இருட்டு, தூரத்துல உடுக்கை. டாக்டரா இருந்தும் பயந்தேன். கதையோட முடிச்சு கீழ வருது, படிக்காதவங்க நிறுத்திக்கோங்க.

2/ 1990-களின் பிற்பகுதியில நாகா இயக்கி சன் டிவியில வந்த 'விடாது கருப்பு' இந்தக் கதைதான். ஒதுங்கின கிராமம். தப்பு செஞ்சவனைக் குதிரையில வந்து தண்டிக்கிற கருப்பசாமி. கடைசியில பார்த்தா, அது பிளவுபட்ட ஆளுமை கொண்ட ஒரு மனுஷன். 2005-ல 'அந்நியன்' வர்றதுக்கு முன்னாடியே வீட்டுத் திண்ணை வரைக்கும் இந்த நோயைக் கொண்டு போனது இந்த சீரியல்.

3/ அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு 1994-ல இந்த நோயோட பேரையே மாத்துச்சு. 2013 பதிப்புல, சில சமூகங்கள்ல இது 'ஆவேசம்' வடிவத்துல வரலாம்னு சேர்த்தாங்க. கூடவே ஒரு எச்சரிக்கை: ஊர் ஏத்துக்கிட்ட வழிபாட்டுல வர்ற ஆவேசம் நோய் இல்ல.

4/ அன்னிக்கு ஒரு அக்காவுக்கு அருள் வந்துச்சு. பத்து நிமிஷத்துல தண்ணி குடிச்சு, கொண்டையை முடிஞ்சுக்கிட்டு, பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க. அவங்க என் பேஷன்ட் இல்ல.

5/ இந்த மாதிரி த்ரில்லர்கள்ல எனக்கு ஒரு குறை உண்டு. நோயாளிதான் எப்பவும் கொலைகாரன். நிஜத்துல பெரும்பாலும் அடி வாங்குறவங்க அவங்கதான். 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் மனநலக் காப்பகத்தோட கொட்டகையில தீப்பிடிச்சது. சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அதுல சஸ்பென்ஸ் எதுவும் இல்ல. சங்கிலி எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுதான் இருந்தது.

6/ 2017 மனநலச் சட்டம், பிரிவு 95: யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலியில கட்டக்கூடாது.

7/ விடியக்காலை ஒரு அம்மா மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு மாசமா தூக்கம் இல்ல, காதுல யாரோ பேசுறாங்களாம். "பூசாரி ஐயாதான் சொன்னாரு, ஆத்தாளைக் கும்பிட்டாச்சுல்ல, டாக்டரம்மாவையும் பாத்துட்டுப் போன்னு." புதுக்கோட்டை அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன். நாவலை அப்புறம்தான் முடிச்சேன். இந்தத் தடவை பயம் கருப்பைப் பார்த்து இல்ல. அந்த மனுஷனைக் கடைசி வரைக்கும் யாரும் ஒரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாம விட்டுடுவாங்களோன்னுதான்.