மஞ்சளுக்கு ஏன் இந்தப் பளபளப்பு?

போன வருஷம் சின்னவளுக்கு இரத்தப் பரிசோதனை. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் காரீயம். (ரசம் வைக்கிற ஈயச் சொம்பு வெள்ளீயம், இது வேறே.) அமெரிக்காவில் 2021 முதல், குழந்தைகளுக்கு 3.5 ஆனாலே கவனிக்கச் சொல்கிறார்கள். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "ஊரிலிருந்து என்ன மசாலாப் பொடி கொண்டு வந்தீங்க?"

சுருக்கென்றது. பெட்டியில் துணிக்கு நடுவே மஞ்சள்பொடி இல்லாமல் நான் ஊரிலிருந்து திரும்பியதே இல்லை.

எங்களுக்குப் பாறசாலைப் பக்கம். ஆச்சி காலத்தில் வாழைக்கும் மரச்சீனிக்கும் இடையில் மஞ்சள் விளையும். அவித்து, முற்றத்தில் காயவைத்து, உரலில் இடிப்பாள். நிறம் கொஞ்சம் மங்கல்தான். 1956-ல் மாநிலம் பிரிந்து விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவோடு நாங்கள் கேரளத்தில் நின்றோம். ஆட்களைப் பிரித்த எல்லை, சரக்கை நிறுத்தவில்லை. பிறகு விளைகளெல்லாம் ரப்பர் ஆயின. மஞ்சளைக் களியக்காவிளையில் போய் வாங்கினோம். "நல்ல கலரா பாத்து வாங்கு மக்கா" என்பாள் அம்மா.

அந்த 'நல்ல கலர்' ஆசைக்கு இருநூறு வருஷச் சரித்திரம் இருக்கிறது.

1820-ல் லண்டனில் பிரெடெரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர் உணவுக் கலப்படம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஒரு சம்பவம். விடுதியில் குளோஸ்டர் பாலாடைக்கட்டி சாப்பிட்ட ஒருவருக்குக் கடும் வயிற்றுவலி. விசாரித்தால், கட்டிக்கு நிறம் தந்தது அனாட்டோ. நம்ம ஊர்க் குப்பமஞ்சள் விதைச் சாயம்தான். அந்தச் சாயம் மட்ட ரகம் என்பதால் விற்றவர் சாதிலிங்கம் கலந்தார். சாதிலிங்கம் விற்றவரோ, வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கத்தானே என்று சிவப்புக் காரீயத்தைக் கலந்திருந்தார். கொல்ல வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அவரவர் கணக்கு அவரவருக்குச் சரி. கூட்டிப் பார்த்தால் விஷம்.

வங்கதேசத்தில் நடந்ததும் இதே கணக்குதான். 1980-களில் பெருவெள்ளம். நனைந்த மஞ்சள் நிறம் மங்கியது; விலை விழுந்தது. மெருகேற்றும்போது காரீயக் குரோமேட்டைத் தூவினார்கள். சாலையில் மஞ்சள் கோடு போடும் பெயின்டில் சேர்ப்பார்களே, அதேதான். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. கவனியுங்கள்: தூவியது பொடியில் அல்ல, கிழங்கில். முழு மஞ்சள் வாங்கி அரைத்தால் சுத்தம் என்ற நம் நம்பிக்கையும் போச்சு.

இது வங்கதேசத்தோடு நிற்கவில்லை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளத்தின் 23 நகரங்களில் எடுத்த 356 மாதிரிகளைப் பற்றி 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 14 சதவீதத்தில் கிராமுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம். பாட்னா, கராச்சி, பெஷாவர் மாதிரிகளில் 1000-ஐயும் தாண்டியது! நியூயார்க் நகரத்தில் 2008 முதல் 2017 வரை 1496 மசாலா மாதிரிகளைச் சோதித்தார்கள். அமெரிக்கக் கடைகளில் வாங்கியதைவிட வெளிநாடுகளில் வாங்கியதில்தான் சராசரிக் காரீயம் அதிகம். டாக்டரம்மா கேட்டதில் தப்பில்லை.

ஆனால் திருத்த முடியாத விஷயம் இல்லை இது. 2019-ல் வங்கதேச உணவுப் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் போட்டு எச்சரித்தது. டாக்காவின் ஷியாம்பஜார் மொத்தச் சந்தையில் சோதனை நடத்தி இரண்டு வியாபாரிகளுக்கு அபராதமும் விதித்தார்கள். 2019-ல் 47 சதவீத மாதிரிகளில் இருந்த கலப்படம், 2021-ல் ஒன்றில்கூட இல்லை.

எங்கள் வீட்டில் அந்தப் பொடியை நிறுத்தினோம். மூன்று மாதத்தில் மகளுக்கு 3-க்குக் கீழே வந்தது. பொடிதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், அடுத்த பரிசோதனையில் காரீயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்மா இப்போது கிணற்றடியில் நாலு மூடு மஞ்சள் நட்டிருக்கிறாள். "கலர் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும் மக்கா" என்றாள் போனில், ஏதோ மன்னிப்புக் கேட்பது போல.