விருந்தினரும் வீட்டாரும்: பிரிஜித் ஃபோந்தேனின் இசையில் அரெஸ்கியின் இடம்

பிரெஞ்சுப் பாடகி பிரிஜித் ஃபோந்தேன் என்றதும் விமரிசகர்கள் முதலில் கையிலெடுப்பது 1969இல் பாரிஸில் பதிவான ‘கொம் ஆ லா ராதியோ’ தொகுப்பைத்தான். ‘வானொலியில் போல’ என்பது அதன் பொருள். அவ்வாண்டு கோடையில் பாரிஸ் வந்திருந்த ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ என்ற அமெரிக்க ஜாஸ் குழுவினர் அதில் வாசித்தனர். அமெரிக்கக் கறுப்பின ஜாஸ்தான் பிரெஞ்சுப் பாட்டின் கட்டை உடைத்தது என்பது பரவலாக நிலைத்துவிட்ட கருத்து. அதன் தலைப்புப் பாடலுக்கு மெட்டமைத்த அரெஸ்கி பெல்காசெமை ஓரத்தில் நிறுத்திவைத்தால் மட்டுமே அக்கருத்து நிற்கும் என்பது என் துணிபு.

ஃபோந்தேன் நாடக மேடையிலிருந்து பாட்டுக்கு வந்தவர். பியர் பரூவின் ‘சரவா’ இசைத்தட்டு நிறுவனம் 1968இல் வெளியிட்ட அவரது தொகுப்புக்கு ழான்-குளோத் வான்னியே இசைக்கோவை அமைத்தார். அங்கே வாத்தியக்குழு முன்னே நடக்க, குரல் அதைத் தொடர்கிறது. அத்தொகுப்பின் தலைப்பு, ‘பிரிஜித் ஃபோந்தேன் ஒரு பைத்தியம்’ என்று அறிவிக்கிறது. அவர் வேண்டுமென்றே அணிந்துகொண்ட அந்த வேடத்தையே பலர் அவரது இயல்பாகக் கொண்டனர். இத்தனை கணக்கான ஒரு குரலுக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதி அது.

அந்தக் கணக்கு ‘கொம் ஆ லா ராதியோ’வின் தலைப்புப் பாடலில் தெளிவாகக் கேட்கிறது. ஏறத்தாழ எட்டு நிமிடம் ஓடும் பாடல் அது. அடிநாதமாக ஒரே சிறு சுழற்சி திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் டிரம்பெட் அலைகிறது. ஃபோந்தேனோ பாடுவதில்லை, பேசுவதற்கும் பாடுவதற்கும் இடைப்பட்ட தொனியில், குரலை உயர்த்தாமல் சொல்லிக்கொண்டே போகிறார். தரை அசையாததால்தான் ஜாஸ் கலைஞர்களால் அவ்வளவு தூரம் அலைய முடிகிறது. அந்தத் தரையை இட்டவர் மெட்டமைத்த அரெஸ்கி. வெர்சாய் நகரில், வட ஆப்பிரிக்காவின் கபீல் இனக் குடும்பமொன்றில் பிறந்த தாளக் கலைஞர் அவர். சுரங்களை அடுக்கி உச்சத்துக்குக் கொண்டுபோகாமல் ஒரே வட்டத்தில் நின்று ஆழப்படுத்தும் முறை, ஜாஸைவிட வட ஆப்பிரிக்கத் தாள மரபுக்கே நெருங்கியதாக எனக்குக் கேட்கிறது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. சிகாகோ குழுவினர் 1971இல் ஊர் திரும்பினர். ஊற்று அவர்களே என்றால், ஃபோந்தேனின் பாட்டு பழைய வடிவத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. 1972இல் வந்த தொகுப்பிலும், ஃபோந்தேன், அரெஸ்கி இருவர் பெயரிலும் வந்த ‘லான்சாந்தி’ (1974), ‘வூ ஏ நூ’ (1977) ஆகியவற்றிலும் இசை மேலும் மெலிகிறது. சில கருவிகள், கைத்தாளம், இரு குரல்கள், நிறைய மௌனம். பேச்சு-பாட்டு அப்படியே நிற்கிறது. வாத்தியக்குழுவைத் துறக்கும் துணிவை ஜாஸ் தந்திருக்கலாம் என்ற மறுப்பை ஏற்கிறேன். ஆனால் துறந்தபின் எதன்மேல் நிற்பது என்பதை அது தரவில்லை.

எண்பதுகளில் ஃபோந்தேனின் இசைத்தட்டுகள் அரிதாயின. ‘ஃபிரெஞ்ச் கொரசோன்’ 1988இல் முதலில் ஜப்பானில்தான் வெளிவந்தது. 2001இல் ‘கெகெலாண்ட்’ வந்தபோது, அதில் வாசித்த சோனிக் யூத் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றியே பேச்சு. விருந்தினர் மீண்டும் மாறியிருந்தார்கள். மெட்டமைத்தவர்களின் வரிசையிலோ அதே அரெஸ்கி இருந்தார்.