பூச்சுக்கு அடியில் இருந்த ஈரம்

இந்த எபிசோடை எங்க அம்மா வீட்டுப் பின்கட்டுல ஆரம்பிக்கிறேன். அங்கிருந்து நியூயார்க் வரைக்கும் போகப்போறோம்.

பின்கட்டில் பழைய கடப்பா கல் தரை. நிறம் வெளுத்துவிட்டது என்று போன வருடம் நானே அதை நன்றாகக் கழுவி, ரெண்டு நாள் காயவிட்டு, பளபளப்பான சீலர் ஒன்றை வாங்கி அடித்தேன். பார்க்க அழகாத்தான் இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அடியில் வெள்ளைப் பொடி. சுரண்டினால் கல்லின் மேல்தோலும் சேர்ந்து வந்தது. "நான் எண்ணெய் தொட்டுத் துடைச்சப்ப இப்படி ஆகலையேப்பா" என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடிப் போனபோதுதான் கிளியோபாட்ராவின் ஊசி கதை கிடைத்தது. பெயர்தான் அப்படி, கிளியோபாட்ராவுக்கும் அந்தத் தூணுக்கும் சம்பந்தம் கிடையாது. அவர் பிறப்பதற்கு ஆயிரம் வருடத்துக்கும் முன்பே, எகிப்து மன்னன் மூன்றாம் துத்மோஸ் ஹீலியோபோலிஸ் நகரில் நிறுத்திய தூண் அது. அஸ்வான் சிவப்பு கிரானைட், உயரம் 21 மீட்டர், எடை சுமார் 200 டன். பின்னாளில் ரோமானியர்கள் அதை அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோனார்கள். எகிப்து அதை அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுக்க, ஹென்றி கோரிஞ்ச் என்ற கடற்படை அதிகாரி கப்பலில் ஏற்றி வந்தார். 1881 ஜனவரியில் சென்ட்ரல் பார்க்கில் நிறுத்தினார்கள்.

சில வருடங்களிலேயே கல் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது. எல்லாரும் பயந்துட்டாங்க. தண்ணீர் உள்ளே போகாமல் தடுத்தால் போதும் என்று முடிவு செய்து, 1885இல் காஃபால் என்பவரிடம் வேலையைக் கொடுத்தார்கள். தளர்ந்து நின்ற துண்டுகளை முதலில் தட்டி எடுத்தார்கள். அப்படி வந்ததே சில நூறு பவுண்டு! பிறகு கல்லின் மேற்பரப்பைச் சூடாக்கி, உருக்கிய பாரஃபின் மெழுகை உள்ளே இழுக்கவிட்டார்கள். இன்றைய சீலருக்கு இது ஒரு தாத்தா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பின்னாளில் கல்லை ஆராய்ந்தவர்கள் வேறொரு விஷயத்தைக் கவனித்தார்கள். இந்தத் தூண் எகிப்தில் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் விழுந்து கிடந்திருக்கிறது. அப்போதே நிலத்தடி உப்பு நுண்ணிய விரிசல்களுக்குள் ஏறிவிட்டது. பாலைவனத்தின் வறட்சியில் உப்பு பெரும்பாலும் சும்மா இருந்தது. நியூயார்க்கின் ஈரக்காற்றில் அது கரையும், காயும்போது மறுபடி படிகமாகும். அந்தப் படிகம் வளரும்போது கல்லை உள்ளிருந்தே பிளக்கும். ஆக, எதிரி வெளியே மட்டும் இல்லை, உள்ளேயும் இருந்தது. மெழுகு வெளியே இருப்பதைத் தடுக்கும். உள்ளே இருப்பதை என்ன செய்யும்? 2014இல் அந்தத் தூணைச் சுத்தம் செய்தார்கள். லேசர் கொண்டு அழுக்கைப் பொறுமையாக எடுத்தார்கள்.

எங்க பின்கட்டுக்கும் இதே கணக்குதான். தரைக்கு அடியில் மண் ஈரம். முன்பு அது கல்லின் வழியே மெல்ல ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. நான் வாசலை அடைத்துவிட்டேன். ஈரமும் உப்பும் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டன.

அதனால சீலர் டப்பாவைத் திறக்கும் முன்னால் மூணு வேலை செய்யுங்க. ஒன்று, ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ கல் கறுத்தாலோ, ஈரம் கீழிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் பூச்சு வேண்டாம். இரண்டு, கல்லின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். உறிஞ்சவே இல்லையென்றால் சீலரே தேவையில்லை. மூன்று, கல் எந்த ஜாதி என்று தெரிந்துகொள்ளுங்கள். கடப்பாவும் மார்பிளும் சுண்ணாம்பு வகை. எலுமிச்சை, வினிகர், பாத்ரூம் ஆசிட் எது பட்டாலும் அரித்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீர் போதும்.

பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டேன். தரை இப்போது மங்கலாகத்தான் இருக்கிறது, ஆனா உதிரவில்லை. அம்மா திரும்பவும் எண்ணெய்த் துணியை எடுத்துட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.