நிலக்கரிச் சாம்பல் சியோலைற்று

அனல்மின் நிலையங்களின் பறக்கும் சாம்பலைக் காரக் கரைசலில் வேகவைத்துப் பெறும் நுண்துளைக் கனிமம். கழிவுநீரிலுள்ள சேதனச் சாயங்களைப் பிடித்துக்கொள்ளக் கூடியது. இலங்கையில் இதற்கான மூலப்பொருள் குவியும் இடம் நுரைச்சோலை. கற்பிட்டிக் குடாநாட்டுக் கரையில் 2011இல் முதல் அலகோடு தொடங்கிய லக்விஜய அனல்மின் நிலையம், 2014இல் மூன்று அலகுகளாக, 900 மெகாவாற்றாக வளர்ந்தது. அதன் சாம்பல் காற்றில் வந்து தோட்டங்களில் படிகிறது என்பது சுற்றுவட்டார மக்களின் நீண்டகால முறைப்பாடு.

கரித்தூள் கரைசலின் நிறத்தை நீக்கும் என்று 1785இல் லோவிட்ஸ் கண்டார். சியோலைற்றுக் கனிமத்தைக் குரோன்ஸ்டெட் 1756இலேயே விவரித்திருந்தார். அதைச் சாயத்தோடு யாரும் இணைத்துப் பார்க்கவில்லை. வழியைத் திறந்தது ஒரு வேளாண் ஆய்வு. மண் அமோனியாவைப் பிடித்துக்கொண்டு அதற்கீடாகக் கல்சியத்தை விடுகிறது என்று 1850இல் தோமஸ் வே காட்டினார். இதே இடமாற்றத்தைச் செய்யும் சியோலைற்றுகளைப் பாரரும் மில்ற்றனும் 1940களில் செயற்கையாக உருவாக்கினர். 1985இல் ஹோலரும் விர்ஷிங்கும் சாம்பலிலிருந்தே அவற்றைப் பெறும் முறையை வெளியிட்டனர்.

சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் கலந்த கண்ணாடி உருண்டைகள். சோடியம் ஐதரொட்சைட்டில் 100 பாகை செல்சியஸ் அளவில் பல மணிநேரம் வைத்தால் அவை கரைந்து பளிங்குகளாக மீண்டும் படியும். சிலிக்கனின் இடத்தில் அலுமினியம் அமர்வதால் பளிங்குச் சட்டகம் எதிர் மின்னேற்றம் பெறும். சோடியம் அயன்கள் அதை ஈடுசெய்யும். நேர் மின்னேற்றமுள்ள சாயம் வந்தால் சோடியம் விலகி இடம் கொடுக்கும். ஆனால் இதை வைத்துச் சாயம் துளைக்குள் சிறைப்படுகிறது என்ற பேச்சை அப்படியே ஏற்கலாகாது. சியோலைற்று ஏ வகையின் வாயில் 0.4 நனோமீற்றர்; மெதிலீன் நீல மூலக்கூறோ ஏறத்தாழ 1.4 நனோமீற்றர் நீளமும் 0.6 நனோமீற்றர் அகலமும் கொண்டது. அது பளிங்கின் வெளிமேற்பரப்பிலேயே ஒட்டுகிறது. பதப்படுத்தாத சாம்பலும் ஓரளவு நிறம் நீக்கும். அதில் பெரும்பங்கு எரியாமல் எஞ்சிய கரியினுடையது.

காரோ 1876இல் ஆக்கிய மெதிலீன் நீலம் ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளை. அது நேர் மின்னேற்றச் சாயம். இக்கனிமத்தில் எளிதில் ஒட்டும், முடிவுகளும் அழகாக வரும். ஆனால் பருத்தித் துணிக்கு இன்று பரவலாகப் பயன்படும், 1956இல் சந்தைக்கு வந்த வினைபுரி சாயங்கள் எதிர் மின்னேற்றம் கொண்டவை. சட்டகம் அவற்றை விலக்கும். மேற்பரப்பில் நேர் மின்னேற்றமுள்ள சவர்க்கார வகைச் சேர்மமொன்றைப் பூசினால்தான் பிடிக்கும். செலவு அங்கே ஏறும்.

தயாரிப்பில் மிஞ்சும் காரநீரையும் சாயம் ஏறிய கனிமத்தையும் அகற்றுவது தனி வேலை. இன்னொன்று, நுரைச்சோலைச் சாம்பலுக்கு ஏற்கெனவே சீமெந்துத் தொழில் வாடிக்கை. அங்கே வேகவைக்கும் செலவு இல்லை. துணிச் சாயமிடும் ஆலைகளோ கரையிலுள்ள நுரைச்சோலையிலிருந்து விலகி, அவிசாவளை, துல்ஹிரிய போன்ற உள்நாட்டு ஊர்களில் இருப்பதால், ஏற்றிச் செல்லும் செலவும் சேரும்.