பலகைக்குக் கிடைத்த உத்தியோகங்கள்

எங்கள் ஊர்க் கடைவீதியில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவன், வேறு எதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் கற்காமல் வீடு திரும்ப முடியாது. எதிரே, 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்று எழுதிய பழைய விடுதி ஒன்று இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல், சர்க்கார் தமிழில் எத்தனை அழகான பெயர் வைத்தாலும் ஜனங்கள் 'ஈ.பி.' என்றே சொல்லி வருகிற மின்சார போர்டின் காரியாலயம். தெருக்கோடியில், ஜில்லா போர்டு என்னும் ஸ்தாபனமே மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் கிழவர்கள் 'போர்டு ஸ்கூல்' என்று அழைப்பதை விடாத பள்ளிக்கூடம். இவற்றுக்கு நடுவில் வண்டி வந்து நிற்கும்போது, பார்வை மங்கிய பெரியவர் ஒருவர், "என்ன போர்டு போட்டிருக்குது, தம்பி?" என்று பக்கத்தில் நிற்பவனைக் கேட்கிறார். சாப்பாடும், அதிகார சபையும், ஊர்ப்பெயர் எழுதிய தகடும் ஒரே சொல்லுக்குள் எப்படிக் குடியேறின என்பதே இங்கு விசாரணை.

'போர்டு' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் இருந்த அர்த்தம் மிகவும் எளியது: அறுத்து இழைத்த மரப்பலகை. அந்த ஒன்றிலிருந்தே மற்றவையெல்லாம் கிளைத்தன என்று சொல்லிவிடலாம். ஆனால் ஓரம், விளிம்பு, கப்பலின் பக்கம் என்னும் பொருளுள்ள வேறொரு சொல்லும் உருவத்தில் இதனோடு ஒத்திருந்தபடியால், இரண்டும் இளமையிலேயே கலந்துவிட்டன என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். அக்காலத்துப் போர்வீரன் கையில் பிடித்த மரக்கேடயத்துக்கும் இதுவே பெயர். இதில் ஒரு விசேஷம் என்னவென்றால், நாம் வழங்கும் 'பலகை'க்கு உறவான 'பலகம்' என்ற வடமொழிச் சொல்லும் பலகை, கேடயம் என்னும் இரண்டையும் குறிப்பது. தமிழ் அகராதிகளும் பலகைக்குப் பரிசை என்று ஒரு பொருள் தருகின்றன. ஒருவரையொருவர் அறியாத இரண்டு தேசத்தார் ஒரே தச்சு வேலையைச் செய்து ஒரே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

இடைக்கால ஐரோப்பியப் பிரபுவின் மாளிகையில் இப்போது நாம் காண்பதுபோல நாலு கால்களோடு நிரந்தரமாக நிற்கும் மேஜை அபூர்வம். பெரிய கூடம் ஒன்றே பகலில் சபையாகவும் இரவில் வேலையாட்கள் படுக்கும் இடமாகவும் இருந்தமையால், சாப்பாட்டு வேளைக்கு முக்காலி போன்ற மரத்தாங்கிகளை நிறுத்தி, அவற்றின் மேல் நீண்ட பலகைகளைப் பரப்பி, துணி விரித்து, போஜனம் முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். ஆகவே பலகை என்றால் மேஜை என்றாயிற்று; ஸ்வீடன் முதலிய வடதேசங்களில் இன்றும் அச்சொல்லுக்கு மேஜை என்பதே பொருள். டச்சுக்காரனோ இன்னும் ஒரு படி இறங்கி, மேஜையின் மேல் வைக்கும் உணவுத் தட்டுக்கே அப்பெயரைக் கொடுத்துவிட்டான்.

மேஜையிலிருந்து சாப்பாட்டுக்கு அதிக தூரம் இல்லை. நம் கல்யாண வீடுகளில் "எத்தனை இலை விழுந்தது?" என்று சமையற்காரர் கேட்டால், அவர் வாழைத் தோட்டத்தைப் பற்றி விசாரிக்கவில்லை என்பது குழந்தைக்கும் தெரியும், இலை என்பது அங்கே சாப்பிட்ட ஆள். அதுபோலவே பலகை என்பது அவர்களுக்குச் சாப்பாடாயிற்று. பிறர் வீட்டில் பணம் கொடுத்துச் சாப்பிட்டுத் தங்குபவன் 'போர்டர்' ஆனான். மாணவர்கள் தங்கி உண்டு படிக்கும் பள்ளி 'போர்டிங் ஸ்கூல்' ஆயிற்று. பாத்திரங்களைக் காட்சியாக அடுக்கிவைத்த பலகை 'கப்போர்டு' என்று பெயர் பெற்று, பிற்காலத்தில் கதவும் பூட்டும் பெற்று, கோப்பை ஒன்றுகூட இல்லாத துணி அலமாரிக்கும் உரியதாயிற்று. சீட்டாடுபவன் கைகளை மேஜைக்கு மேலே எல்லோரும் பார்க்க வைத்திருந்தால் அதில் சூது இல்லை என்று அர்த்தம். 'பலகைக்கு மேலே' என்று பொருள்படும் ஆங்கிலப் பிரயோகம் நேர்மையைக் குறிக்க வந்தது இவ்வாறுதான்.

சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டு அதே இடத்தில் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால், அது ஆலோசனை மேஜை. சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு மேஜையின் பெயர் ஒட்டிக்கொண்டது. நீதிபதிகளுக்குப் பெஞ்சியின் பெயர் ஒட்டிக்கொண்டதும் இதே ரீதிதான். மனிதன் எந்த மரத்தைச் சுற்றிக் கூடுகிறானோ அந்த மரத்துக்கு அதிகாரம் வந்துவிடுகிறது. 1784-ஆம் வருஷத்தில் இங்கிலாந்துப் பார்லிமெண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியக் காரியங்களைக் கண்காணிக்க ஆறு பேர் கொண்ட ஒரு போர்டை ஏற்படுத்திற்று. இரண்டு வருஷம் கழித்துச் சென்னையில் ரெவின்யூ போர்டு தோன்றிற்று. நிலவரியை நிர்ணயித்தும் கலெக்டர்களைக் கடிதத்தாலேயே ஆட்டிப் படைத்தும் 1980 வரையில் ஜீவித்திருந்த அந்த ஸ்தாபனத்தில், திருக்குறளில் ஈடுபட்டு அதில் ஒரு பகுதியை மொழிபெயர்த்த எல்லீஸ் துரை காரியதரிசியாக இருந்தார் என்பது நமக்குச் சிறிது ஆறுதலான செய்தி. பிறகு ஸ்தல சுயாட்சி வந்தபோது ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று பலகைகள் கிராமம் வரை இறங்கின. அவற்றுள் தஞ்சாவூர் ஜில்லா போர்டு செய்த ஒரு காரியத்தைப் போல வேறெதுவும் என்னை மகிழ்வித்ததில்லை: அது சொந்தமாக ஒரு ரயில்பாதையே போட்டு, 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையில் வண்டி ஓடச் செய்தது. அந்த வண்டியில் ஏறுவதற்கும் ஆங்கிலத்தில் 'போர்டு' என்றே வினை என்பதை அப்போது யாராவது எண்ணிச் சிரித்திருந்தால், அவர் என் இனத்தைச் சேர்ந்தவர்.

ஏறுதல் என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? கப்பலிலிருந்து. கப்பலின் பக்கத்துக்கு அச்சொல் பெயராக இருந்தமையால், பக்கத்தைத் தாண்டி உள்ளே வருவது 'ஆன் போர்டு'. தாண்டி வெளியே விழுவது 'ஓவர் போர்டு'. வடகடல் மாலுமிகள் பின்புறத்தில் சுக்கான் கண்டறியாத காலத்தில், கப்பலின் வலப்பக்கத்தில் ஒரு பெருந்துடுப்பைக் கட்டித் திசை திருப்பினார்கள். ஆதலால் வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு', அதாவது திருப்பும் பக்கம். ஆகாயத்து நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. துடுப்பு நசுங்காதபடி இடப்பக்கத்தையே துறையில் அணைத்துச் சரக்கு ஏற்றினார்கள். அது 'லார்போர்டு' ஆயிற்று. புயற்காற்றின் இரைச்சலில் இவ்விரண்டு கூவல்களும் ஒன்றுபோலக் காதில் விழுந்து குழப்பம் விளைத்தபடியால், 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை இடப்பக்கத்துக்குத் துறைமுகம் என்று பொருள்படும் 'போர்ட்' என்ற சொல்லையே வழங்கும்படி உத்தரவிட்டது. அவர்கள் குழப்பம் அதோடு தீர்ந்தது. நம்முடையதோ தொடங்கிற்று, ஏனெனில் தமிழ் எழுத்தில் 'போர்டு' எது, 'போர்ட்டு' எது என்று பாஸ்போர்ட்டு வாங்கப் போகிறவனுக்கும் நிச்சயம் இல்லை.

காகிதத்தைக் கெட்டியாக ஒட்டினால் ஒரு போர்டு, கேரம் ஆடும் இடம் ஒரு போர்டு, மின்விசைகளைப் பதித்தால் ஒரு போர்டு, கணினிக்குத் தாயாக ஒரு போர்டு. இவற்றில் பலவற்றுக்கு மரத்தோடு தாயாதி உறவுகூட இல்லை.

தமிழர் இந்தச் சொல்லை என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. எழுதியது பலகையானால் பலகை என்றும், கூடியது சபையானால் வாரியம் என்றும் இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். வாரியம் என்பது காரியாலயத்தில் உட்கார்ந்து புதிதாய்ச் செய்த சொல் அன்று. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்திரமேரூர்ச் சபையார் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எல்லாம் வருகின்றன. குடும்பு என்னும் ஊர்ப்பகுதிகள் முப்பதிலும் குடவோலை இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓலை எடுப்பித்து, அங்கத்தினரைத் தெரிந்தார்கள். முன்னே வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனையும் அவனுடைய உறவினரையும் குடத்துக்கு அருகிலேயே சேர்க்கவில்லை. இந்த விதி இப்போதைய வாரியங்களுக்கு ஏன் கூடவே வந்து சேரவில்லை என்பது சொல்லாராய்ச்சிக்குப் புறம்பான கேள்வி.

ஆனால் பிரித்தது முழுவதும் சரிதானா என்று எனக்கு ஐயம் உண்டு. பலகையே சபையாக இருந்த கதையை நம்மைவிட அழகாகச் சொன்னவர் யார்? மதுரையில் சிவபெருமான் புலவர்க்கு அளித்த சங்கப்பலகை, தகுதியுள்ளவர் வந்தால் நீண்டு இடம் கொடுக்கும், தகாதவருக்குக் கொடுக்காது. ஆங்கிலேயன் தன் பலகையைச் சுற்றித்தான் உட்கார்ந்தான். நாம் அதன் மேலேயே உட்கார்ந்தோம். பரீட்சை நடத்தும் சபைக்குப் பலகை என்று பெயரிட்டிருந்தால், மொழிபெயர்ப்பு என்று ஒருவரும் சொல்லியிருக்க முடியாது.

போன மாதம் பஸ் வரத் தாமதமாயிற்று. பசி வேளை; எதிர்விடுதிக்குள் நுழைந்து சாப்பாடு உண்டா என்று கேட்டேன். மேஜையில் இருந்தவர் நாளேட்டிலிருந்து தலையை உயர்த்தி, "சாப்பாடு நிறுத்திப் பத்து வருஷம் ஆச்சுங்க ஐயா, ரூம் மட்டும்தான்" என்றார். வாசலில் போர்டிங் என்று எழுதியிருக்கிறதே என்றேன்.

"அது போர்டுங்க" என்றார்.